கடைசித் தீவின் சங்கீதம்

அந்த வருடங்களில் மட்டக்களப்பு நகரத்தில் இருந்த எல்லோருக்கும் நல்ல காது இருந்தது. சங்கீதம் படித்து வந்த காது அல்ல. தூரத்தில் எங்கேயாவது 'டும்' என்றால் போதும், தேங்காய் துருவுகிறவர், தலை சீவுகிறவர், பல் விளக்குகிறவர் எல்லோரும் செய்வதை நிறுத்தித் தலையை ஒரு பக்கம் சரித்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். போறதா, வாறதா? நகரத்து இராணுவக் காம்பிலிருந்து வாவிக்கு மேலால், இயக்கம் இருந்த அக்கரையான படுவான்கரைக்குப் போகிற ஷெல் என்றால் போறது. தொடர்ந்து துருவலாம். அங்கிருந்து எங்கள் பக்கம் திரும்பினால் வாறது. பங்கருக்குள் இறங்கவேண்டும். போறது எல்லாம் வேறு யாருக்கோ வாறதுதான் என்பதை நாங்கள் பெரிதாக யோசிப்பதில்லை. துருவலில் கவனமாக இருப்போம்.

நான் வந்தாறுமூலைக் கம்பஸில் கலைப்பீடத்துக்காரன். ஊர் தேற்றாத்தீவு. ஊரிலிருந்தே தினமும் போய் வரலாம் என்று அப்பா வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். வரைபடத்தில் சோதனைச்சாவடிகளைப் போட்டிருக்கவில்லை. ஆகவே நடுவழியில், நகரத்துக்குள் தாண்டவன்வெளியில், நோபேட் அங்கிளின் வீட்டில் போடிங் எடுத்துத் தங்கினேன். அங்கிள் சீ.ரீ.பி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எஞ்சின் இரைகிற விதத்தை வைத்தே எந்தப் பாகத்துக்கு வருத்தம் என்று சொல்லிப் பழகிய மனிதர், ஷெல் விஷயத்திலும் அப்படித்தான். அவர் விறாந்தையில் நின்று சொல்வதுதான் அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு. மனைவி றீற்றா அன்ரி சமைப்பார், செபிப்பார், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வார். அவர்களுடைய ஒரே மகன் பற்றிக். என் வயது, என் பீடம், என் அறை.

அந்த அறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. பற்றிக் படிக்கவேண்டும் என்று லண்டனிலிருந்து பீற்றிஸ் மாமி காசனுப்பி வாங்கியது. காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய கேம் சீடியை அதில் போட்டுப் படித்தோம்.

தீவுகள், கோட்டைகள், பாய்மரக் கப்பல்கள். ஒரு அரசன் தன் தீவுகளையெல்லாம் இழந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிடிக்கப் புறப்படுகிறான். அப்படித்தான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். கள்ளக் கொப்பி என்பதால் எழுத்தெல்லாம் ரஷ்ய மொழியில் இருந்தது. யார் யாரோடு ஏன் அடிபடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அது எங்களுக்குப் புதிய அனுபவமாகவும் இருக்கவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிற கேம் அது. நான் தரைப்படை. பற்றிக் கடற்படை. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் ஏற்றினால் தலைசுற்றிச் சத்தியெடுக்கிறவன்தான் எங்கள் கடற்படைத் தளபதி.

முதல் நாள் ஸ்பீக்கரை முழுதாகக் கூட்டி வைத்து விளையாடினோம். என் பீரங்கிகள் ஒரு கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை அக்கா அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையோடு பங்கருக்குள் இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து எதிர்வீடு இறங்கியது. எதிர்வீட்டைப் பார்த்து ஒழுங்கை இறங்கியது. நோபேட் அங்கிள் விறாந்தையில் நின்று தலையைச் சரித்துக் கேட்டு, "வாறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எங்களை இழுத்துப்போக அறைக்குள் ஓடி வந்தார். வந்தவர் திரையைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு பீரங்கி வெடித்தது. அவர் வயரைப் பிடுங்கினார். பிறகு வெளியே போய், அந்த ஷெல்கள் எல்லாம் வாவிக்குள் விழுந்துவிட்டதாக ஒழுங்கைக்கு அறிவித்தார். அவர் பிழையாகச் சொன்ன ஷெல் என்று எனக்குத் தெரிந்து அது மட்டும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். வெடிச்சத்தம் கூடாது. நல்லகாலமாக அந்த கேமில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, வெடிக்கிற எஃபெக்டுக்கு ஒரு கட்டை, மியூசிக்குக்கு ஒரு கட்டை என்று திரையில் வேறு வேறாக வைத்திருந்தார்கள். எஃபெக்டை அடிமட்டத்துக்கு இறக்கினோம். மியூசிக்கை விடச்சொல்லிப் பற்றிக் கெஞ்சினான். அங்கிள் ஒரு நிமிடம் கேட்டுப்பார்த்து, கோயிலில் பெருநாளுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறது, பறவாயில்லை என்றார்.

இப்படியாக எங்கள் யுத்தத்தில் சத்தம் இல்லாமல் போனது. கப்பல் தீப்பிடிக்கும், வயலின் கேட்கும். சுவர் இடிந்து விழும், புல்லாங்குழல் கேட்கும். என்னுடைய சிப்பாய்கள் வாயைத் திறந்து கத்திக்கொண்டு விழுவார்கள். அவர்களுக்கு மேலால் ஒரு கூட்டம் வாத்தியங்கள் மெதுவாகப் போகும். உலகத்தில் எல்லோரும் இந்த கேமை இப்படித்தான் விளையாடுகிறார்கள் என்று கொஞ்சக் காலத்தில் எனக்குப் பழகிவிட்டது.

வாசிக்க முடியாத கதையை அந்த வாத்தியங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தன. எங்கள் ஊர்க் கூத்தில் ராசாவுக்கு ஒரு வரவு, மந்திரிக்கு ஒரு வரவு என்று தனித்தனியாக இருக்குமே, ஆள் வர முன்னமே மத்தளம் அவரைக் கொண்டுவந்துவிடுமே, அந்த மாதிரி இதிலும் இருந்தது. எதிரிக் கப்பல் திரைக்குள் வர முன்னமே, அடியில் ஒரு பெரிய வயலின் முனகத் தொடங்கும். அதற்குச் செலோ என்று பெயர் என்றான் பற்றிக். அவன் கோயில் பாடகர் குழுவில் நின்றவன், இப்படியான விசயங்கள் தெரியும். நான் கடைசிவரை பெரிய வயலின் என்றே சொல்லிவந்தேன். இன்னொரு ஊதுகிற வாத்தியம் இருந்தது, நாதஸ்வரத்துக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி. அதன் பெயர் அவனுக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லி இரண்டு வேறு பெயர் சொன்னான்.

ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பெயர் வைத்தோம். பெரிய வயலின் முனகத் தொடங்குகிற துண்டுக்குப் பெயர் 'சோதனைச்சாவடி'. எக்காளங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்புகிறது 'றீற்றா அன்ரிக்குக் கோவம்'. ஒரு தீவைப் பிடித்து முடித்ததும், வெற்றி என்று குதிக்காமல், வயலின்கள் எல்லாம் ஒரே திசையில் நடந்து தேய்ந்து போகிற ஒரு துண்டு வரும். அதற்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். வந்தாறுமூலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு றோட்டில் நிற்கிறவனுக்கு அது விளங்கும். ஒருவன் ஒரு பெயரைச் சொல்வான், மற்றவன் சிரித்தால் அந்தப் பெயர் நிற்கும். சிரிக்காவிட்டால் வேறு பெயர் தேடவேண்டும். அதுதான் முறை.

கடைசித் தீவு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த வாரம் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு பெடியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தது என்பதில் ஒழுங்கைக்குப் பல கருத்துகள் இருந்தன. அவன் வரவில்லை என்பதில் ஒரே கருத்துத்தான். றீற்றா அன்ரி அன்றைக்கே பீற்றிஸ் மாமிக்குப் போன் எடுத்தார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. பற்றிக் கொழும்புக்குப் போனான், அங்கிருந்து லண்டன்.

போகிற அன்று காலை, அங்கிள் அவனுடைய பயணப் பாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அன்ரி அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிலுவைக்கு இடையால் தலையை வெளியே எடுத்து அவன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"கடைசித் தீவைத் தனியா அடிச்சிராத மச்சான். அந்த மியூசிக்க நானும் கேக்கணும்."

சரி என்றேன். அழுவதற்கு ஏற்ற இடம்தான், ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவன் போனபிறகு நான் பழைய தீவுகளையே திரும்பத் திரும்ப விளையாடினேன். தரைக்கு ஒரு கை, கடலுக்கு ஒரு கை. கடற்படை தளபதி இல்லாமல் துறையில் நின்று ஆடிக்கொண்டிருக்கும், எதிரி வந்து ஒவ்வொன்றாகக் கொளுத்திவிட்டுப் போவான். எனக்கு அதில் கவலை இருக்கவில்லை. தோற்றால் ஒரு துண்டு வரும், அதுவும் நல்ல துண்டு. கவலை என்னவென்றால், ஒரு இடத்தில் அந்தத் தடிமன் பிடித்த வாத்தியம் எதிர்பாராமல் மேலே ஏறி, ஏறின இடத்திலேயே யோசித்துக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கும்போது 'பாரன், எங்க போய் நிக்குது' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அது நடந்ததா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆள் தேடினேன். நோபேட் அங்கிள் மியூசிக் என்றால் காதுக்கு ஓய்வு என்று நினைப்பவர், கதிரையில் சாய்ந்ததும் குறட்டை. இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்கு அந்தக் கொம்பியூட்டர் மேலேயே நம்பிக்கை இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரு கசற்றில் பதிந்துகொண்டு கம்பஸுக்குப் போனேன். என் வகுப்பில் நல்லரத்தினம் என்று ஒருவன் இருந்தான், கதிரவெளிக்காரன். வாகரைப் பக்கம் சண்டை தொடங்கி, ஊரோடு கிளம்பி வந்து, குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்தான். கன்ரீனில் அவனுக்கு வோக்மனைக் காதில் மாட்டிவிட்டேன். மிகவும் கவனமாகக் கேட்டான். தலையைக்கூட ஆட்டவில்லை. கனநேரம் போனபிறகு ஒரு காதைக் கழற்றி, மரியாதையாகக் கேட்டான்.

"பாட்டு எப்ப துவங்கும்?"

பாட்டு இல்லை, இவ்வளவுதான் என்றேன். அவன் யோசித்தான். அத்தனை பேர் வாசிக்கிறார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையா என்று கேட்டான். பிறகு என்னைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, திரும்ப மாட்டிக்கொண்டு மேசையில் தலையை வைத்தான். அப்படியே நித்திரை. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ராவிருட்டியாகப் பிள்ளைகள் கத்துமாம். எழும்பினதும், நல்ல கசற், நாளைக்கும் கொண்டுவா என்றான். அதன்பிறகு கசற் அவனிடம்தான் இருந்தது. எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடிய ஆள் அவன் இல்லை, அவ்வளவுதான்.

பற்றிக் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். அங்கே விடிகிற நேரம், இங்கே பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டு முடிகிற நேரம். அன்ரிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. போனில் அவனுக்கு ஷெல் கதை சொல்லக் கூடாது. அவன் என்ன கேட்டாலும் அன்ரி ஒரே பதில்தான் சொல்வார்: "இஞ்ச ஒண்டும் இல்ல மனே, நீ சாப்பிட்டியா?" சண்டை கூடினால் போன் லைன் வெட்டப்படும். அப்போது இஞ்ச ஒண்டும் இல்ல என்று சொல்லவும் வழி இல்லை.

மாசிக்குப் பிறகு படுவான்கரைப் பக்கம் அடி கூடியது. அங்கிருந்து சனம் வாவியைக் கடந்து நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. பீற்றிஸ் மாமி எழுதிவிட்டார், பற்றிக்குக்குக் கடையில் வேலை கிடைத்துவிட்டது, இனி ஞாயிறும் வேலை, போன் எடுப்பது கஷ்டம் என்று. கடைசித் தீவு அப்படியே கிடந்தது. அவன் மறந்துவிட முன்னம் அதை முடிக்கவேண்டும். அவன் மறந்துவிட்டால் பிறகு அதைக் கேட்டும் பிரயோசனம் இல்லை. அடுத்த போனில் அன்ரியிடமிருந்து றிசீவரைப் பறித்துத் திட்டத்தைச் சொன்னேன். வேலைக்குச் சேர முன்னம் வருகிற ஞாயிறு, றிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைப்பேன், நான் விளையாடுவேன், அவன் கேட்கவேண்டும். அவன் உடனே ஓம் என்றான். அந்த ஓமில் பழைய பற்றிக் இருந்தான். அந்த வாரம் முழுக்க நான் கம்பஸில் யாரையும் நக்கலடிக்கவில்லை. சுகமில்லையா என்று கேட்டார்கள்.

ஞாயிறு கரண்ட் இருந்தது, லைன் இருந்தது. றிசீவரின் வாய்ப்பக்கத்தை ஸ்பீக்கரோடு சேர்த்து றப்பர் பாண்டால் கட்டி, காதுப்பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன். றீற்றா அன்ரி தன் முறைக்காக வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

"கேக்குதா?" என்று குனிந்து கத்தினேன்.

"கேக்குது. எங்க நிக்கிறாய்?"

"வடக்குத் துறையில. உன்ட கப்பல் எல்லாம் சும்மா நிக்குது."

"பொறு, கதைக்காத." கொஞ்ச நேரம் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. "சோதனைச்சாவடி துவங்கிட்டு மச்சான். பின்னால வாறானுகள். திருப்பு, எல்லாத்தையும் கிழக்கால திருப்பு."

திருப்பினேன். வந்தார்கள். திரையும் இல்லாமல், படமும் இல்லாமல், லண்டனில் யாரோ ஒருவரின் குசினியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மியூசிக்கை மட்டும் கேட்டு அவன் கப்பல்களை நடத்தினான். இப்ப இழு என்றான், இழுத்தேன். இப்ப விடு என்றான், விட்டேன். அவன் போனபிறகு ஒரு தடவைகூட எரியாமல் எங்கள் கடற்படை நின்றது அன்றைக்குத்தான். எக்காளங்கள் கிளம்பியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அன்ரிக்குக் கோவம்" என்றோம். வாசலில் இருந்த அன்ரி என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல நேரம் இருக்கவில்லை.

கோட்டை வாசலுக்கு என் ஆட்கள் வந்துவிட்டார்கள். இதுவரை நாங்கள் கேட்காத துண்டு தொடங்கியது. வயலின்கள் மிக மெல்லிய குரலில், யாரையோ எழுப்பாமல் கதைக்கிற மாதிரி. அப்போதுதான் காம்பிலிருந்து முதலாவது போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விறாந்தையில் அங்கிள் "போறது" என்று ஒழுங்கைக்குச் சொல்வது கேட்டது. பிறகு இன்னொன்று, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. மேசையில் றிசீவர் துள்ளியது.

"டேய்," என்றான் பற்றிக். "எஃபெக்டப் போட்டுட்டியா?"

நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இந்தச் சத்தம் தெரியும். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு காலத்தில் அங்கிள் தலையைச் சரிக்க முன்னமே, சோறு பிசைந்த கையோடு "போறதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் வைக்கிறவன். ஒரு குளிர்காலம்தான் அங்கே இருந்திருக்கிறான்.

றீற்றா அன்ரி எழும்பி நின்று, சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆட்டாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். சொன்னால் அவன் பயப்படுவான், அன்ரி போனை வாங்குவார், துண்டு பாதியில் நின்றுவிடும்.

"ஓம்," என்றேன். "கடைசித் தீவுதானே எண்டு போட்டன்."

"அப்பா ஏசல்லயா?"

"இல்ல."

"நல்லாத்தான் கிடக்கு. உண்மை மாதிரியே கிடக்கு." அவன் சிரித்தான். "ஆனா சத்தத்த ஒள்ளுப்பம் குறை மச்சான். வயலின் கேக்கல்ல."

"குறைக்கிறன்," என்றேன்.

ஏற்கனவே அடிமட்டத்தில் கிடந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். காம்பில் அந்த நேரம் என்ன நடந்ததோ தெரியாது, தேத்தண்ணி வந்திருக்கலாம். சத்தம் நின்றது.

"ஆ, இப்பச் சரி," என்றான் பற்றிக்.

இராணுவம் என் சொல் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கோட்டை விழுந்தது. எக்காளம் ஊதவில்லை, மத்தளம் அடிக்கவில்லை. ஒவ்வொரு வாத்தியமாக எழும்பிப் போனது. கடைசியில் ஒரே ஒரு வயலின் மட்டும் மிச்சம். அது பெரிதாக ஒன்றும் வாசிக்கவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறவன் மாதிரி, முதலாவது தீவில் கேட்ட நாலைந்து சுரங்களை மெதுவாகத் தொட்டுப் பார்த்தது. நான் மூச்சுவிடாமல் இருந்தேன். றிசீவரிலும் மூச்சுக் கேட்கவில்லை.

"எல்லாரையும் அனுப்பிட்டு ஒரு வயலின மட்டும் விட்டுட்டானுகள் என்ன," என்றான் பற்றிக்.

"ஓம்."

"இதுக்கு என்ன பேர் வைப்பம்?"

நான் யோசித்தேன். நல்ல பெயராக இருக்கவேண்டும், அவன் சிரிக்கவேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய போன் காட் முடிந்து லைன் வெட்டுப்பட்டது. றீற்றா அன்ரி ஓடி வந்து றப்பர் பாண்டைக் கழற்றி, றிசீவரைக் காதில் வைத்து, "சாப்பிட்டியா மனே" என்று கேட்டார். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை மெதுவாக வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

விறாந்தைக்குப் போனேன். காம்பில் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். நோபேட் அங்கிள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாவிப் பக்கம் பார்த்து நின்றார்.

"கேட்டானா?" என்றார், திரும்பாமலே.

கேட்டான் என்றேன். நல்லாயிருக்கு என்று சொன்னதாகவும் சொன்னேன்.

"இடையில அடிச்சதுகளும் கேட்டிருக்குமே. என்ன சொன்னான்?"

"கேம் சத்தம் எண்டு நினைச்சிட்டான், அங்கிள். குறைக்கச் சொன்னான்."

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். தன் மகனுக்கு இவ்வளவு கெதியாகக் காது போய்விட்டதே என்று கவலைப்படப்போகிறார் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. பெருநாள் பூசை முடிந்து வெளியே வருகிற முகம்.

"மறந்துட்டானா," என்றார். "நல்லம். நல்லம்."

பிறகு வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தது தலைக்கு மேலால் போனபோதுகூட அவர் ஒழுங்கைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இலட்சுமிப்பிள்ளை அக்கா தன் வாசலில் நின்று, என்ன அண்ணே, இது போறதா என்று இரண்டு தரம் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

கொம்பியூட்டரை நிறுத்த அறைக்குள் வந்தேன். திரையில் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. எதை அழுத்தவேண்டும் என்று தெரியாததால் நான் ஒன்றையும் அழுத்தியிருக்கவில்லை. அதனால் அந்தக் கடைசித் துண்டு முடிய முடியத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது. இருந்து கேட்டேன். வெளியே சத்தம் ஓய்ந்த ஒரு இடைவெளியில் முதல் தடவையாக அதை முழுதாகக் கேட்டேன். எல்லா வாத்தியமும் போய்விட்டது என்று நாங்கள் நினைத்தது பிழை. அந்த ஒற்றை வயலினுக்கு அடியில், மிகத் தூரத்தில், தடிமன் பிடித்த அந்த வாத்தியம் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தபடி போகாமல் நின்றிருந்தது. போனில் அது கேட்டிருக்காது.

பாரன் மச்சான் என்று பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினேன். அதில் அன்ரி கொடியிலிருந்து எடுத்துவந்து போட்ட அங்கிளின் சேட்டுகள் மடிக்காமல் கிடந்தன.